தோண்டிப் பார்க்கட்டும்! சின்னப் பிள்ளைகளைத் தோட்டத்தில் இறக்க ஒரு முழு வழிகாட்டி

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வண்டியை ஓரங்கட்டி ஒரு ரோஜாச் செடி வாங்காத சேலத்துக் குடும்பம் அபூர்வம். நாங்களும் வாங்கினோம். மகளுக்கு அப்போது நாலு வயது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தப் பாலித்தீன் பையை மடியில் வைத்தபடியே கடந்தாள். குமட்டல் வந்தபோதுகூட என்னிடம் தரவில்லை. சித்திரை மாதம். மொட்டை மாடியில் வைத்த செடி பத்தே நாளில் இலை கருகி, தண்டு கறுத்துப் போய்விட்டது. "நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றினேனே?" என்று கேட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 280 மீட்டரில். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் ஏறும். மலைக் காற்றில் வளர்ந்த செடியை, சித்திரை வெயிலில் தகிக்கும் சிமெண்டுத் தரையில் கொண்டுவந்து வைத்தது நான். ஆனால் செத்தது அவள் செடி. அதன் பிறகு மூன்று மாதம் மாடிப் பக்கமே அவள் வரவில்லை.

ஆடி பிறந்ததும் அடுக்களை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி தட்டைப்பயறு எடுத்துக் கொடுத்தேன். செலவில்லை, அலங்காரமில்லை. அதுதான் பிடித்துக்கொண்டது. இப்போது அவளுக்கு ஏழு வயது. அக்கா மகனுக்கு நாலு. இருவரையும் வைத்துக்கொண்டு பட்டதும் கற்றதும் கீழே.

முதலில் உங்கள் கையைக் கட்டிப்போடுங்கள்

பிள்ளைகளின் தோட்டத்தைக் கெடுப்பவர்களில் வெயிலுக்கும் பூச்சிக்கும் முன்னால் நிற்பவர்கள் பெரியவர்கள். "இப்படி இல்லை கண்ணு, நான் காட்டுகிறேன்" என்று கொத்தைப் பிடுங்கிக்கொள்வோம். பிள்ளை தூங்கிய பிறகு கோணல் வரிசையை நேராக்குவோம். வாடிய நாற்றை எடுத்துவிட்டு ரகசியமாகப் புதிதாக ஒன்று நட்டுவைப்போம். நாலு வயதுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும். தெரிந்த அன்றே அது "அம்மாவின் தொட்டி" ஆகிவிடும்.

ஆகவே ஒரு ஏற்பாடு: ஒரு தொட்டி முழுக்கப் பிள்ளையுடையது. அதில் என்ன நடந்தாலும் நீங்கள் தொடக் கூடாது. பத்துத் தொட்டி வேண்டாம். ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொன்று தனியாக, பெயர் எழுதி. "இருவரும் சேர்ந்து ஒரே தொட்டி" என்பது சண்டைக்குப் போடும் விதை. உங்கள் கை துறுதுறுத்தால் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் தப்பித்தேன்.

எந்த மாதம் தொடங்கலாம்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை நம் மாவட்டத்துக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். ஜூலை நடுவில் வெயில் ஒருவாறு தணிந்திருக்கும். மாலை மழையும் எட்டிப் பார்க்கும். அங்கிருந்து ஐப்பசி வரை ஈரத்துக்குக் குறைவிருக்காது. தட்டைப்பயறு, வெண்டை, கீரை, கொடி வகைகள் எல்லாம் இந்தப் பட்டத்தில் பிள்ளைகள் செய்யும் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். தவறவிட்டால் அடுத்தது தைப்பட்டம்.

பலரும் தொடங்குவது கோடை விடுமுறையில். பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்களே என்ற நியாயம்தான். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் ஒரு வேளை தண்ணீர் மறந்தால் முளை காய்ந்துவிடும். பாட்டி வீட்டுக்கு இரண்டு நாள் போய்வந்தால் கதை முடிந்தது. கோடையில் மண் கலந்து வைக்கலாம், டப்பா சேர்க்கலாம், மாங்கொட்டை முளைக்க வைக்கலாம். அந்த மாங்கொட்டை சங்கதி பின்னால் வருகிறது.

இடமும் தொட்டியும்

காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழும் கிழக்குப் பக்கம் சரியான இடம். மேற்கு வெயில் வேண்டாம். மாடி என்றால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டி வைக்காதீர்கள். தொட்டி என்பது பிள்ளைக்குப் படிக்கட்டு. குறைந்தது நாலடி தள்ளி வையுங்கள். நகர்த்தி ஏறக்கூடிய முக்காலி, காலி வாளி எதுவும் அங்கே கிடக்க வேண்டாம். பெரியவர் துணையில்லாமல் மாடிக் கதவு திறக்கக் கூடாது.

தொட்டியின் வாய் பிள்ளையின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையே இருந்தால் குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் விரிசல் விட்டால் தூக்கி எறியாதீர்கள். இரண்டாக அறுத்தால் சின்னத் துண்டு கீரைக்கு, பெரிய துண்டு வெண்டைக்கு. அறுத்த விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து மாட்டிவிட்டால் கை கிழியாது. விரிசல் விட்ட அகலமான பேசினும் கீரைக்கு அருமையானது. கீரைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், முள்ளங்கிக்கும் வெண்டைக்கும் 30 செ.மீ. வேண்டும். அடியில் நாலைந்து ஓட்டை, அதன் மேல் கொட்டாங்குச்சிச் சில்லு. ஓட்டை போடுவது உங்கள் வேலை. சில்லு அடுக்குவது அவர்கள் வேலை.

தொட்டிக்கடியில் தட்டு வைத்தால், வாரம் ஒருமுறையாவது அதைக் கவிழ்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். டெங்கு பரப்பும் கொசுவுக்கு இந்த மாதிரித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

கருவிகள் என்று தனியாக வாங்க வேண்டாம். கடற்கரை மணலுக்குச் செய்த பிளாஸ்டிக் மண்வெட்டி நம் செம்மண்ணில் முதல் நாளே முறிந்துவிடும், பிள்ளை அழும். பழைய எவர்சில்வர் குழம்புக் கரண்டி ஒன்று, நீளக் காம்புள்ள ஸ்பூன் ஒன்று. நிஜமான களைக்கொத்து ஆறு வயதுக்கு மேல், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

மண் கலக்கும் நாள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதையும் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு இதுதான் திருவிழா. விதையைக்கூட மறந்துவிடுவார்கள்.

செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, ஊறவைத்து அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் போட்டு, அது பொங்கி உதிர்வதைப் பார்க்க விடுங்கள். சின்னச் செங்கல் அளவுக் கட்டி அரை வாளியை நிரப்பும். அக்கா மகன் அதை "சாப்பிடும் கல்" என்கிறான். ஊறிய தண்ணீரை இரண்டு முறை வடித்துவிட்டால் அதிலுள்ள உப்பு போய்விடும்.

பச்சைச் சாணம் வேண்டாம். அதில் சூடு கிளம்பும், கிருமியும் இருக்கும். மண்ணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புக்கரடு என்று நாம் சொல்லும் மேக்னசைட் குன்றுகளின் பக்கமிருந்தோ, வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் கலந்த கொல்லையிலிருந்தோ மண் அள்ளி வராதீர்கள். சுக்கான் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலை மஞ்சளாக வெளுக்கும். நீங்கள் உரம் உரமாகக் கொட்டுவீர்கள், அது பச்சையாகாது.

செருப்பில்லாமல் மண்ணில் இறங்க விடாதீர்கள். கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நக இடுக்கு வரை கழுவ வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். இதைத் தாண்டி, சட்டை அழுக்காகிறதே என்று அலறாதீர்கள். அதற்கென்று ஒரு பழைய சட்டை வைத்துவிடுங்கள்.

முதல் ஏழு நாள்

எல்லாம் நிலைப்பதும் கலைவதும் இந்த வாரத்தில்தான். அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

முந்தின இரவு தட்டைப்பயறு இருபது எண்ணி ஒரு டம்ளர் தண்ணீரில் பிள்ளையே ஊறப்போடட்டும். கூடவே சிறிது முழுப் பாசிப்பயறு, சிறிது உடைத்த பாசிப்பருப்பு. காலையில் பயறு பருத்துத் தோல் சுருக்கம் விட்டிருக்கும். ஏன் பருத்தது என்று நீங்களே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். கேட்டால் சொல்லுங்கள்.

விதையை மூன்றாகப் பிரியுங்கள். பத்துப் பயறு தொட்டிக்கு. விரலின் முதல் கணு வரை மண்ணில் அழுத்திக் குழி போட்டு, குழிக்கு ஒன்று. விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. சின்ன விரலின் முதல் கணு தட்டைப்பயறுக்குச் சரியாக வரும். வெந்தயமும் கீரையும் அவ்வளவு ஆழத்தில் போட்டால் வராது. மேலே தூவி மணல் பரப்பினால் போதும்.

ஆறு பயறு கண்ணாடி டம்ளருக்கு. டம்ளரின் உள்சுவரை ஒட்டி ஈரப் பருத்தித் துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பயறைச் செருகுங்கள். அடியில் ஒரு விரல் தண்ணீர். இது சன்னலோரத்தில் இருக்கட்டும்.

மிச்சம் நாலு பயறு எதற்கு? தோண்டுவதற்கு. தொட்டியின் ஒரு மூலையில் அவற்றைப் புதைத்து, "இது தோண்டிப் பார்க்கிற மூலை" என்று ஒரு குச்சி நட்டுவிடுங்கள்.

முதல் வருடம் இந்த மூலை இல்லை. இரண்டாம் நாள் மாலை மாடிக்குப் போனால், மகள் குந்தி உட்கார்ந்து பத்துக் குழியையும் கரண்டியால் கிளறி, பயறுகளை வெளியே எடுத்து வரிசையாக அடுக்கியிருந்தாள். திட்ட வாயெடுத்தேன். அவள் ஒரு பயறை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தோல் ஓரிடத்தில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. "அம்மா, இதற்கு வால் முளைக்கிறது" என்றாள். வால் இல்லை, வேர் என்று திருத்தவில்லை. எல்லாவற்றையும் மறுபடி புதைத்தோம். பத்தில் ஏழு வந்தன. மூன்று முனை ஒடிந்து அழுகின. திட்டியிருந்தால் ஒன்றுமே வந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நாலாம் நாள் மண் வெடித்து, கொக்கி போல வளைந்த தண்டு முதுகைக் காட்டும். மறுநாள் அது நிமிரும்போது இரண்டு பருப்பையும் தலையில் தூக்கிக்கொண்டே மேலே வரும். தட்டைப்பயறு இப்படி விதையிலையை வெளியே கொண்டுவரும் இனம். மக்காச்சோளம் மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு இலையை மட்டும் அனுப்பும். இரண்டையும் அடுத்தடுத்து நட்டால் பிள்ளைகளே வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள்.

பாசிப்பயறு இரண்டே நாளில் முளை கட்டிவிடும். உடைத்த பருப்பு புளித்து நாறும். ஏன் அது முளைக்கவில்லை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசிக்க விடுங்கள். முளைத்த பயறை அலசி, வேகவைத்து, தேங்காய் தூவிக் கொடுத்துவிடலாம். நாறியதை நீங்கள் எறியுங்கள்.

பயறு விதைத்த ஒரு கிண்ணத்தை இருட்டு அலமாரியிலும் வையுங்கள். ஆறாம் நாள் எடுத்தால் வெளிர் மஞ்சளாக, நீள நீளமாக, ஒல்லியாக நிற்கும். அம்மன் திருவிழா முளைப்பாரியும் இருட்டில் வளர்த்ததனால்தான் அந்த நிறம். வெளிச்சம் படாவிட்டால் பச்சையம் உண்டாகாது; வெளிச்சத்தைத் தேடித் தண்டு மட்டும் ஓடும். வெளியே வைத்தால் ஓரிரு நாளில் பச்சை ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இந்த வாரத்தில் ஒரு கண் விதையின் மேலும் இருக்கட்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை பக்கத்தில் இருந்தால் பயறு டப்பாவை மூடியே வையுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் நீங்களாக ஊக்கு, குச்சி கொண்டு நோண்டாதீர்கள். காதில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். பயறு ஊறிப் பெருத்து இறுகிவிடும். நேராக மருத்துவரிடம் போங்கள். கடை விதைகளில் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியிருந்தால் அது பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ கலந்தது. பிள்ளை கையில் தரவே வேண்டாம். அடுக்களைப் பயறுக்கு இந்த வம்பு இல்லை.

தண்ணீர்

பிள்ளைகளின் செடி பெரும்பாலும் தாகத்தில் சாவதில்லை, மூழ்கித்தான் சாகிறது. பாசம் அதிகமானால் சொம்பு சொம்பாக ஊற்றுவார்கள். அரை லிட்டர் பாட்டிலின் மூடியில் சூடான ஊசியால் பத்துத் துளை போட்டுக் கொடுங்கள். பீச்சி முடிக்கவே நேரமாகும், நாற்றும் சாயாது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான். வெயில் ஏறுமுன், எட்டு மணிக்குள்.

ஊற்றுவதற்கு முன் ஒரு சடங்கு: விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பது. மண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்த பொடியாக உதிர்ந்தால் ஊற்றலாம். நாலு வயதுக்காரரும் இதைப் பிடித்துக்கொள்வார். பிறகு நம்மை அதிகாரம் செய்வார்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினம். இரண்டு மாதத்தில் மண் மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்துவிடும். மழை பெய்யும் நாளில் வாளி வைத்துப் பிடித்து, மூடி வைத்துச் செலவழிக்கிறோம். பொருக்கைக் கரண்டியால் சுரண்டி எடுப்பது அக்கா மகனுக்குப் பிடித்த வேலை.

அடுத்து என்ன நடலாம்

பயறு முளைத்த சூட்டிலேயே அடுத்ததைத் தொடங்குங்கள். வெந்தயம் மூன்று நாளில் முளைத்து 25 நாளில் கிள்ளக் கிடைக்கும். சிறுகீரை, தண்டுக்கீரை நாலைந்து நாளில் முளைக்கும். விதையை மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. முள்ளங்கி 45 நாள். மழைக்காலமும் பனிக்காலமும் அதற்கு ஏற்றவை. கோடையில் போட்டால் காறும், நார் விடும். வெண்டை 45 முதல் 50 நாளில் முதல் காய் தரும். அதன் சுணை கையில் அரிக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கொத்தமல்லியை முதல் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். முளைக்கப் பத்து நாளாவது எடுக்கும். பிள்ளைக்கு அது ஒரு யுகம். தனியா என்பது இரண்டு விதை ஒட்டிய காய். சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாக்கிப் போட வேண்டும். அந்த உருட்டல் மட்டும் சுவாரசியம்.

ஆறு ஏழு வயது என்றால் பூசணியும் சுரையும் நல்ல பாடம். காம்பு மட்டும் உள்ளது ஆண் பூ. அடியில் குட்டிக் காயோடு வருவது பெண் பூ. விடியற்காலையில் விரிந்த ஆண் பூசணிப் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். சுரைப்பூ நேர்மாறு: சாயங்காலம் வெள்ளையாக விரியும், அந்திப் பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

தன் கீரையைச் சமைத்தால் பிள்ளை அள்ளி அள்ளிச் சாப்பிடும் என்று நம்பி இதில் இறங்காதீர்கள். என் மகள் தன் வெந்தயக்கீரையைத் தானே ஆய்ந்து, பருப்பில் போடும்வரை அடுப்படியிலேயே நின்று, ஒரு வாய் வைத்துவிட்டுக் கசக்கிறது என்று தட்டை நகர்த்திவிட்டாள். எல்லோருக்கும் பரிமாறியது அவள்தான்.

மரவள்ளிக் குச்சி

சேலத்துப் பிள்ளைக்கு இது தெரியாமல் போகலாமா? ஆத்தூர்ச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி அந்தக் கிழங்கின் மாவு. என் மாமனார் வாழப்பாடிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். அவர் பேத்திக்குக் கொடுத்த முதல் பரிசு ஒரு சாண் மரவள்ளிக் குச்சி.

"இதில் எது தலை, எது கால்?" என்று கேட்டார். அவள் விழித்தாள். இலை உதிர்ந்த வடுவைக் காட்டி, அதற்கு மேலே இருக்கும் மொட்டைத் தொட வைத்தார். மொட்டு மேலே பார்க்க வேண்டும். தலைகீழாக நட்டால் குச்சி தடுமாறும். 15 முதல் 20 செ.மீ. நீளம், முதிர்ந்த தண்டின் நடுப்பகுதி, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மண்ணுக்குள். விதையே இல்லாமல் செடி வருவதைப் பிள்ளை பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. பத்து நாள்போல் துளிர்க்கும்.

இதற்குத் தொட்டி போதாது. தரை இருந்தால் தரை. இல்லாவிட்டால் பெரிய சாக்கு நிறைய மண். ஒன்பது பத்து மாதம் ஆகும் என்பதால் நட்டுவிட்டு மறந்துவிடலாம். பிடுங்கும் நாளில் குடும்பமே சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கும். ஒரு கண்டிப்பு: பச்சைக் கிழங்கைக் கடிக்க விடக் கூடாது. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோல் சீவி, நறுக்கி, நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும்.

வீட்டைச் சுற்றியிருக்கும் மற்றதையும் இந்தச் சாக்கில் காட்டிவிடுங்கள்: அரளி, ஊமத்தை, எருக்கம்பால், ஆமணக்கு விதை, குன்றிமணி. "தொடாதே" என்று பொதுவாகச் சொல்வதைவிட, பெயர் சொல்லிக் காட்டி, வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்வது நினைவில் நிற்கும்.

புழு வந்தால்

வரும். வரட்டும்.

எங்கள் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வருடாவருடம் ஒரு விருந்தாளி. இலை மேல் காக்கை எச்சம் விழுந்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு. துடைக்கப் போன மகள், எச்சம் நகர்வதைப் பார்த்து அலறினாள். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேடம். சில நாளில் வேடத்தைக் களைந்து பச்சையாகிவிட்டது. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டும். புளித்த பழ வாசம் அடிக்கும். இருவரும் அதை நாள் முழுவதும் தொந்தரவு செய்தார்கள். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. ஒரு கிளை மொட்டையான பிறகு புழு காம்பில் நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் கூடு காலி. பக்கத்துக் குச்சியில் கசங்கிய இறகோடு வண்ணத்துப்பூச்சி. இறகு விரியும்வரை பள்ளி வேன் காத்திருந்தது. ஒரு கிளை போனால் போகிறது.

அசுவினி என்ற குட்டிப் பூச்சி வேறு கதை. தட்டைப்பயறின் நுனியில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். முதலில் பாட்டில் தண்ணீரைப் பீச்சி அடிப்பதுதான் மருந்து; அது பிள்ளைகளுக்கு விளையாட்டும்கூட. பொறிவண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் அதன் முள்முள்ளான குட்டிப் புழுவும் அசுவினியைத் தின்னும். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய ஒரு சிட்டிகை காதி சோப்பு. இதைத் தெளிப்பது நீங்கள், பிள்ளைகள் இல்லாத சாயங்காலத்தில்.

மாங்கொட்டை

மே மாதம் மல்கோவா தின்று முடித்த எந்தப் பிள்ளையும் கொட்டையை நடலாமா என்று கேட்காமல் இருக்காது. நடலாம். ஆனால் தள்ளிப்போடாமல் நட வேண்டும்; வாரக்கணக்கில் காயவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும். நாரைத் தேய்த்துக் கழுவி, ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, மேல் ஓட்டை நீங்கள் கத்தரியால் நெம்பித் திறந்து உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துக் கொடுங்கள். அதை ஈர நார்க்கழிவில் புதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை வரும். முதல் இலைகள் செம்பு நிறத்தில் தளதளவென்று தொங்கும். செடி நோயில் வாடிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

இது மல்கோவா காய்க்குமா என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நம் ஊர் மாவில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து வந்தால் தாயைப் போலவே காய்ப்பதில்லை. காய்க்கவும் வருடக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஒட்டுக்கன்று. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இது புது மாம்பழம்" என்றாள். ஒட்டுக் கட்டும் பெரியவர்கள் மன்னிக்கட்டும், அவள் சொன்னதும் சரிதான்.

மலையில் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் கணக்கு வேறு. வெயில் பிரச்சினை இல்லை. பனிமூட்டமும் ஓயாத ஈரமும்தான். விதை அழுகும், நத்தை இரவோடு இரவாக நாற்றை மேயும். நார்க்கழிவைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள். பிள்ளைகளோடு டார்ச் அடித்து நத்தை பொறுக்கலாம். கையுறையோ குச்சியோ இருக்கட்டும், பிறகு கை கழுவட்டும். பீன்ஸ், பட்டாணி, கேரட் இங்கே சுலபம். காட்டெருமை வரும் பக்கமென்றால் அந்தி சாய்ந்தபின் பிள்ளைகளைத் தோட்டத்தில் விடாதீர்கள்.

மலைப் பிள்ளைகளுக்கு நான் பொறாமைப்படும் செடி சௌசௌ. காய்க்குள் ஒரே விதை. காய் கையில் இருக்கும்போதே பிளந்துகொண்டு முளை விடும். முளைத்த காயை அப்படியே பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாதி புதைத்தால் போதும். கொடி ஏறப் பந்தல் வேண்டும்.

காப்பித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் நாற்றங்காலைப் போய்ப் பாருங்கள். காப்பி விதை முளைக்க ஒன்றரை மாதம் போல எடுக்கும். தலையில் விதையைச் சுமந்தபடி நாற்றுகள் விறைப்பாக வரிசையில் நிற்பது போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்கும். கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து மலையேறினால் காப்பிப் பூ மல்லிகை வாசத்தோடு வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். சேலத்துக்காரர்கள் ரோஜாச் செடி வாங்குவதற்குப் பதில் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம்.

சலிப்பு வரும்போது

மூன்றாவது வாரத்தில் வரும். முளைத்த பரபரப்பு ஓய்ந்து, பூ வருவதற்கு இன்னும் நாளிருக்கும். வற்புறுத்தாதீர்கள்; வீட்டுப்பாடம் போல ஆக்கிவிட்டால் தோட்டம் தொலைந்தது. வேலையை மாற்றிக் கொடுங்கள். மூன்று வயதுக்குத் தண்ணீர் பீச்சுவதும் மண் நிரப்புவதும் போதும். நாலு ஐந்து வயது பெரிய விதை நடும், காய் பறிக்கும். ஆறு ஏழு வயதுக்குச் செடியின் உயரத்தை ஸ்கேலில் அளந்து நாட்காட்டியில் எழுதும் பொறுப்பைக் கொடுக்கலாம். எங்கள் நாட்காட்டியில் ஒரு மாதம் முழுக்க "வளரவில்லை" என்று எழுதியிருக்கிறது, செடியை மறைத்துக்கொண்டு ஒரு பூனைப் படமும்.

செடி செத்தால் இருவரும் வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பாகக் குழகுழவென்று இருந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று; மொறுமொறுவென்று இருந்தால் குறைந்துபோயிற்று. பிறகு மக்கும் தொட்டியில் போட்டுவிடலாம்.

கடைசியாக, எல்லாக் காயையும் பறித்துவிடாதீர்கள். தட்டைப்பயறில் நாலைந்து காயைச் செடியிலேயே விட்டால் பழுத்துக் காய்ந்து, அசைத்தால் உள்ளே கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் கேட்கும் வரை காத்திருந்து உடைத்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, அடுப்புச் சாம்பல் கலந்து மூடியுள்ள பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். சாம்பல் வண்டு விழாமல் காக்கும். சாம்பல் கிடைக்காவிட்டால் காய்ந்த வேப்பிலை. எங்கள் அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. மேலே "தட்டப்பயரு, இது சமைக்க இல்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். போன வாரம் குழம்புக்குப் பயறு குறைந்தபோது அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.